ஒரே ஒரு ‘டக்’: பழைய ஹைலக்ஸின் ஸ்டார்ட்டரைக் கழற்றிய கதை

திருகோணமலைக்கு வடக்கே இறக்கக்கண்டிக் கரையில் மச்சானின் படகை என் பழைய ஹைலக்ஸ் பிக்கப்பால் மணலுக்கு மேலே இழுத்துப் போட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தினேன். அதுதான் பிழை. கயிற்றை அவிழ்த்து, கால் கழுவி, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மீண்டும் திருப்பினேன், மீண்டும் ஒரு ‘டக்’. டாஷ்போர்ட்டில் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிகிறது, ஹோர்ன் கத்துகிறது, ரேடியோ பாடுகிறது. எஞ்சின் மட்டும் காது கேட்காத கிழவரைப் போலக் கிடக்கிறது.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமே என்று நீங்கள் சொல்லலாம். ஒன்றரைத் தொன்னுக்கு மேற்பட்ட டீசல் வண்டியைக் கடற்கரை மணலில் ஒருமுறை தள்ளிப் பார்த்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கடைசியில் கரைவலை இழுக்கும் டிராக்டர்க்காரர்தான் கயிறு போட்டுத் தார்ரோடு வரை இழுத்துக் கொடுத்தார். இரண்டாம் கியரில் கிளச்சை விட்டதும் எஞ்சின் எழும்பியது. “வீட்ட போற வரைக்கும் நிப்பாட்டாத தம்பி” என்றார். நிறுத்தவில்லை. நிலாவெளியில் தேத்தண்ணீர் குடிக்கக்கூட இறங்கவில்லை.

வண்டி 1994ஆம் ஆண்டு ஹைலக்ஸ் டபிள் கப். எல்என்106 மொடல், 4 வீல், 2779 சிசி 3எல் டீசல் எஞ்சின். என் கைக்கு வந்து பதினொரு வருடம். பாதி நாள் அது ஓடுவது கடற்கரையில்தான். படகு இழுக்கும், அவுட்போர்ட் மோட்டர் ஏற்றும், ஐஸ் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீரைச் சேஸி முழுவதும் குடிக்கும். முப்பது வருடக் கடற்காற்றையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், இவ்வளவு காலம் சாவிக்கு மரியாதை கொடுத்ததே பெரிய விஷயம்.

எங்கள் வீடு ஓர்ஸ்ஹில்லில். மேட்டில் வீடு கட்டியவர்களைக் குறை சொல்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் (எஞ்சினைச் சுற்றி எழுப்பும் மோட்டர்) பழுதான வண்டி இருந்ததில்லை போலும். இறக்கத்தைப் பார்த்து நிறுத்தி, பிரேக்கை விட்டு, கொஞ்சம் ஓடவிட்டுக் கிளச்சை விட்டால் போதும். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். டவுணுக்குப் போனால் எங்கே சரிவு இருக்கிறது என்று தேடித்தான் நிறுத்துவேன். அந்த வாரத்தில் திருகோணமலை நகரத்தின் மேடு பள்ளம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பற்றரிக் கடை ஒன்றில் காட்டினேன். கடைக்காரர் மூடியைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், “பற்றரி முடிஞ்சுது” என்றார். புதிதாக ஒன்று வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் வண்டி அருமையாக ஸ்டார்ட் ஆனது. மூன்றாம் நாள் காலையில் ‘டக்’. முடிந்துபோன அந்தப் பழைய பற்றரிதான் இப்போது கரண்ட் போகும் இரவுகளில் எங்கள் வீட்டுக்கு வெளிச்சம் தருகிறது.

அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட கராஜ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை விடாமலே கேட்டார்: “ஸ்டார்ட்டர்ல சுத்தியலால தட்டினா எழும்புதா?”

“ஓம் அண்ணன், சில நேரம் எழும்புது.”

“அப்ப பிறகேன் தம்பி பற்றரி வாங்கினனி?”

பதில் இல்லை. வெட்கமாகத்தான் இருந்தது. தட்டுவதால் பற்றரியின் சார்ஜ் கூடிவிடாது. உள்ளே தொட வேண்டிய இரண்டு சாமான்கள் தொடாமல் நிற்கின்றன, அதிர்ச்சியில் ஒரு தடவை தொட்டுவிடுகின்றன, அவ்வளவே. ஸ்டார்ட்டரின் காந்தச் சுவிச்சான சொலினொயிடின் கொன்டாக்ட், அல்லது சுற்றும் பாகத்துக்குக் கரண்டைக் கொடுக்கும் காபன் பிரஷ், இரண்டில் ஒன்று. இது விளங்க எனக்கு ஒரு பற்றரியின் விலை போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீற்றருடன் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்ப மகன், மீற்றரைப் பார்க்க நான்.

சத்தத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ‘டகடகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பற்றரி பலவீனம், அல்லது டெர்மினல் இளக்கம். சொலினொயிடுக்குள் இரண்டு சுருள்கள் இருக்கின்றன, ஒன்று இழுக்க, மற்றது பிடித்து வைத்திருக்க. கொன்டாக்ட் தொட்டவுடன் இழுக்கும் சுருளின் வேலை முடிந்துவிடும், பிடிக்கும் சுருள் மட்டும் தாங்கும். ஆனால் மோட்டர் கரண்டைக் குடிக்கத் தொடங்கியதும் வோல்ட் விழுந்தால் அந்தச் சுருள் கைவிட்டுவிடும், வோல்ட் திரும்ப ஏறும், மீண்டும் இழுக்கும். அதுதான் டகடக. என்னுடையது அப்படியல்ல. ஒரே ஒரு கனமான ‘டக்’, பிறகு மௌனம். இழுக்க வேண்டியது இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது, ஆனால் மோட்டருக்குக் கரண்ட் போகவில்லை.

சாவி திருப்பாமல் பற்றரியில் 12.6 வோல்ட். திருப்பி ‘டக்’ கேட்கும்போது 12.5. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு திருப்பினேன், வெளிச்சம் மங்கவே இல்லை. இரண்டும் சொல்வது ஒன்றுதான்: பெரிய கரண்ட் ஓடவில்லை. ஸ்டார்ட்டர் இறுகிப் போயிருந்தால் வோல்ட் எட்டு ஒன்பதுக்கு விழுந்து, லைட் மஞ்சளாகிப் போயிருக்கும். சாவியிலிருந்து சொலினொயிடுக்கு வரும் சின்ன வயரிலும் பார்த்தேன், 11.6 வந்தது. பழைய வண்டிகளில் சாவிச் சுவிச் தேய்ந்து இந்த வயரில் வோல்ட் குறைவது வழக்கம். அதற்கு ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிச்) போட்டு ஆறுதல் அடைபவர்கள் பலர். எனக்கு அது தேவைப்படவில்லை.

12.5 என்ற அந்த எண் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டது. நான்தான் கேட்கவில்லை. ஏனென்றால் ஐந்தாவது தடவை திருப்பியபோது எஞ்சின் சுற்றியது, மெதுவாக, முனகிக்கொண்டு. சரி, சுற்றும்போது அளப்போம் என்று அந்தப் பக்கம் போய்விட்டேன். மகனிடம் எஞ்சினுக்கு டீசலைத் திறந்து மூடும் ஸ்டொப் சொலினொயிடின் வயரைக் கழற்றச் சொன்னேன். டீசல் வராது, எஞ்சின் எழும்பாது, நிம்மதியாக அளக்கலாம்.

சுற்றும்போது பற்றரியில் 10.9. ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் அதன் உடம்புக்கும் இடையில் 8.8. மிச்சம் 2.1 வோல்ட் வழியில் எங்கோ காணாமல் போகிறது. பற்றரியின் பொசிட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.3, பரவாயில்லை. நெகட்டிவ் கம்பத்திலிருந்து ஸ்டார்ட்டர் உடம்பு வரை 1.8! ஏத் பக்கத்தில், அதாவது இந்த நெகட்டிவ் வழியில், 0.2க்கு மேல் இருக்கக்கூடாது என்பது கணக்கு.

ஏத் கேபிளைக் கண்ணால் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. மீற்றரை ஓம்ஸில் போட்டுப் பார்த்தாலும் ‘பீப்’ என்று சந்தோசமாகக் கத்தும். நூறு கம்பியில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அப்படித்தான் கத்தும், மீற்றர் அனுப்புவது துளிக் கரண்ட். ஸ்டார்ட்டர் கேட்பதோ இருநூறு அம்பியருக்கு மேல். இருநூறு அம்பியர் ஓடும் வழியில் ஒரு ஓமின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் காலி. அதனால் கேபிளை அளப்பதென்றால் எஞ்சின் சுற்றும்போதே அளக்க வேண்டும்.

கேபிளின் முனையைக் கழற்றி, கறுப்பு உறையைப் பிளேட்டால் கீறினேன். உள்ளே செம்பு இல்லை, கறுத்த கம்பி. விரலால் தேய்த்தால் பச்சைப் பொடி உதிர்ந்தது. ஒரு சாண் தூரம் உறைக்குள்ளேயே உப்பு ஏறியிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் விளங்கிற்று. போன மாதம் அக்சிலரேட்டர் கேபிளின் உறை ஓர் இடத்தில் இளகிப்போயிருப்பதைப் பார்த்து, எஞ்சின் சூடு என்று நினைத்திருந்தேன். எஞ்சினுக்குச் சரியான ஏத் கிடைக்காவிட்டால் கரண்ட் வேறு வழி தேடும். வண்டியின் பொடியிலிருந்து, அதாவது அதன் இரும்பு உடலிலிருந்து, எஞ்சினுக்குப் போகும் எந்த உலோகக் கயிறும் அதற்கு வழிதான். அந்த மெல்லிய கேபிள் பாவம், இருநூறு அம்பியரில் ஒரு பங்கைச் சுமந்திருக்கிறது.

35 சதுர மில்லிமீற்றர்க் கேபிள் வாங்கி, இரண்டு முனைக்கும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அழுத்திப் போட்டேன். எஞ்சினில் லக் உட்காரும் இடத்தை எமரி பேப்பரால் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகுதான் மேலே கிரீஸ் பூசினேன். முதலில் பூசிவிட்டு இறுக்குவது சரியில்லை என்பது என் எண்ணம். பொடிக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள பின்னல் பட்டியையும் மாற்றினேன். சாவியைத் திருப்பினால் புது வண்டி மாதிரிச் சுற்றியது. பின்னேரம் வீட்டில் பாயாசம்.

ஒன்பது நாள்.

குச்சவெளியில், நல்ல மத்தியான வெயிலில், கச்சான் காற்று நெருப்பாக வீசும்போது, ‘டக்’.

இந்தத் தடவை மீற்றர் வண்டியிலேயே இருந்தது. கீழே படுத்து, பற்றரிக் கேபிள் வந்து சேரும் பெரிய போல்ட்டில் ஒரு முனை, சொலினொயிடிலிருந்து மோட்டருக்குள் போகும் மற்றப் போல்ட்டில் இன்னொரு முனை. சாவியைத் திருப்பினால் அங்கே ஏறக்குறைய ஒன்றும் காட்டக்கூடாது, ஏனென்றால் கொன்டாக்ட் மூடினால் இரண்டும் ஒன்று. 12 வோல்ட் காட்டியது. வாசலுக்கு வெளியே கரண்ட் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. ஏத் கேபிள் பழுது என்றது உண்மைதான், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பழுது இருக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஸ்டார்ட்டரில் நாலு தட்டுத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கழற்றும் வேலையில் ஒன்றைத்தான் வற்புறுத்திச் சொல்வேன்: முதலில் பற்றரியின் நெகட்டிவ். ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் சாவி இல்லாமலும் எப்போதும் கரண்ட் நிற்கும், இடையில் பியூஸும் கிடையாது. என்னிடமுள்ள ரிங் ஸ்பனர் ஒன்றில் எலி கடித்தது போல ஓர் அடையாளம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் அவசரத்தில் இந்த ஒழுங்கை மறந்த நாளின் அடையாளம் அது. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன். அதே போல, ஸ்குரூ ட்ரைவரால் பெரிய போல்ட்டையும் சின்ன வயர் முனையையும் இணைத்து ஸ்டார்ட் பண்ணும் கராஜ் வித்தை தெரிந்தவர்கள், கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். வண்டிக்குக் கீழே இருக்கும்போது அது எழும்பி நடக்கத் தொடங்கினால் கதை வேறு.

முற்றத்தில் படங்கை விரித்துப் படுத்தேன். கீழ்ப் போல்ட் வந்துவிட்டது. மேல் போல்ட்டுக்குக் கை போகாது, கண்ணும் போகாது. துருவுக்கு எண்ணெய் அடித்து ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் மூன்று எக்ஸ்டென்ஷனைத் தொடுத்து, நுனியில் வளையும் ஜொயின்ட் போட்டு, கியர்பொக்ஸின் பின்பக்கமாக இருந்து திருகினேன். ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். உடைந்துவிட்டது என்று நினைத்தேன். இளகியிருந்தது.

இது ரிடக்ஷன் கியர் வகை ஸ்டார்ட்டர். மோட்டர் சின்னது, ஆனால் வேகமாகச் சுற்றும், இடையிலுள்ள பல்சக்கரம் அந்த வேகத்தைக் குறைத்துப் பலமாக்கும். 22க்கு 1 என்ற அளவில் காற்றை நெரிக்கும் டீசல் எஞ்சினைச் சுற்ற அந்தப் பலம் வேண்டும். சொலினொயிடின் பின்மூடியில் 8ஆம் நம்பர் போல்ட் மூன்று. கழற்றி மூடியை எடுத்தவுடன் கருகிய வாசம். சுருள்கள் இழுக்கும் தண்டான பிளஞ்சரை வெளியே இழுத்தேன். அதன் தலையில் ஒரு செம்புத் தட்டு. அந்தத் தட்டுத்தான் போய் இரண்டு செம்புக் கொன்டாக்ட்களையும் ஒரே நேரத்தில் தொட்டுக் கரண்டைக் கடத்த வேண்டும். தட்டின் விளிம்பில் சுற்றிவர ஒரு பள்ளம். மோட்டர்ப் பக்கக் கொன்டாக்ட் கொஞ்சம் தேய்ந்திருந்தது. பற்றரிப் பக்கக் கொன்டாக்ட்டில் பாதியே இல்லை. படிக்கட்டு மாதிரி வெட்டுண்டு, ஓரத்தில் உருகிய செம்பு மணிமணியாக ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு வெல்டிங் நடந்திருக்கிறது. ஒன்று பதிந்துவிட்டதால் தட்டு மற்றதில் முட்டி நின்றுவிடுகிறது. அந்த முட்டும் சத்தம்தான் என் ‘டக்’.

கொன்டாக்ட் மாற்ற இவ்வளவு பிரித்தால் போதும். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. வெளியே பாய்ந்து எஞ்சினைப் பிடித்துச் சுற்றும் பல் எப்படி இருக்கிறது என்று பார்க்க முன்பக்கக் கூட்டையும் பிரித்தேன். பிரித்த கையோடு உள்ளே இருந்து ஒரு இரும்புக் குண்டு விழுந்து, ‘டிங்’ என்று சீமெந்துத் தரையில் ஒரு குதி குதித்து, உருளத் தொடங்கியது. ஒரு வாரம் வண்டியை ஸ்டார்ட் பண்ணித் தந்த அதே சரிவு. குண்டு படலையைத் தாண்டிக் கானுக்குள் போனது.

பிளஞ்சருக்கும் பல்லைத் தள்ளும் தண்டுக்கும் நடுவில் நிற்கும் குண்டு அது. அது இல்லாமல் பூட்டினால் பல் முழுத் தூரம் வெளியே வராது. சைக்கிள் கடைக்குப் போய்க் கேட்டேன், கிடைத்தவை எல்லாம் சிறியவை. கடைசியில் மகன்தான் பழைய ஸ்பீக்கர் ஒன்றின் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக் கானுக்குள் விட்டு இழுத்தான். முதலில் வந்தது ஆணி, பிறகு வந்தது சோடா மூடி, மூன்றாவதாகக் குண்டு. அதற்கு அவன் கேட்ட கூலியை இங்கே எழுத முடியாது.

கொன்டாக்ட் இரண்டும் பிளஞ்சரும் சேர்த்துக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தன. பற்றரிக்குக் கொடுத்த காசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக்கூட வெட்கமான விலை. கொன்டாக்ட் மட்டும் மாற்றிப் பழைய பிளஞ்சரையே போடுபவர்கள் இருக்கிறார்கள். தட்டில் பள்ளம் இருக்கும்போது அது பாதி வேலை.

பூட்டுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, முதல் தடவை நானும் தவறினேன். கொன்டாக்ட்டின் போல்ட்டில் வெளியே நட்டை இறுக்கும்போது உள்ளே கொன்டாக்ட்டும் சேர்ந்து கொஞ்சம் திரும்பிவிடுகிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. மூடுமுன் பிளஞ்சரை விரலால் அழுத்தி, தட்டில் மார்க்கர் மை பூசி, எங்கே தொடுகிறது என்று பார்த்தேன். ஒரு பக்கம் மூலையில் மட்டும் தொட்டது. நட்டை இளக்கி, கொன்டாக்ட்டைக் குறட்டால் நேரே பிடித்துக்கொண்டு திரும்ப இறுக்கினேன். இரண்டு பக்கமும் ஒரே அளவில் மை ஒட்டும்வரை மூன்று தடவை. காபன் பிரஷ்களில் இன்னும் ஆயுள் இருந்தது, தூசியை ஊதி அப்படியே விட்டேன். பல்சக்கரத்துக்குக் கொஞ்சம் கிரீஸ். பிளஞ்சர் ஓடும் குழாய்க்குக் கிரீஸ் வேண்டாம், தூசி சேர்ந்து இறுகிவிடும்.

பூட்டுவதற்கு முன் தரையில் வைத்துக் காலால் மிதித்துக்கொண்டு ஜம்பர் வயரால் கரண்ட் கொடுத்தேன். ஒரு துள்ளுத் துள்ளி, பல் வெளியே பாய்ந்து, சீறிக்கொண்டு சுற்றியது. மிதித்துப் பிடிக்காவிட்டால் கால்விரல் போகும். கழற்றிய ஓட்டை வழியாக, மகன் எஞ்சினை ஸ்பனரால் சுற்றச் சுற்ற, அந்தப் பல் போய்ப் பிடிக்கும் பிளைவீலின் பற்களையும் டோர்ச் அடித்துப் பார்த்தேன். நாலு சிலிண்டர் எஞ்சின் நிறுத்தும்போது அநேகமாக ஒரே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும், தேய்வதும் அங்கேதான். எதிரெதிராக இரண்டு இடத்தில் பற்களின் முனை மழுங்கியிருந்தது, ஆனால் பிடிக்கப் போதும்.

பூட்டி அளந்தேன். சுற்றும்போது பற்றரி 10.6, முன்பைவிடக் குறைவுதான், ஏனென்றால் இப்போது ஸ்டார்ட்டர் கேட்ட கரண்ட் முழுவதும் போகிறது. ஏத் பக்கம் 0.1, பொசிட்டிவ் பக்கம் 0.2, ஸ்டார்ட்டருக்கு வந்து சேர்வது 10.3. சொலினொயிடின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் 0.1. ஸ்டொப் வயரைத் திரும்ப மாட்டிச் சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

சனிக்கிழமை மச்சானின் படகுக்காக மறுபடி இறக்கக்கண்டி. இழுத்து முடித்ததும் எஞ்சினை நிறுத்தினேன், இந்தத் தடவை வேண்டுமென்றே. கால் கழுவித் திரும்பி வந்தால் டிராக்டர்க்காரர் கயிற்றைக் கொண்டுவந்து என் முன் பம்பரில் ஏற்கனவே கட்டிவிட்டார். ஏறிச் சாவியைத் திருப்பினேன், ஸ்டார்ட் ஆனது. அவர் கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப கயித்த அவிழ்க்கவா, வேண்டாமா?” என்றார்.